ஒரு தரம் கூப்பிட்ட வயோலா

எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கிளீட்டஸுக்குப் பொய் சொல்ல வராது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். அன்றைக்கு ஆபீஸ் விட்டு வந்தவன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றுகொண்டு, "அகதா, ஒனக்கு இன்னும் பியானோ வாசிக்க வருமா?" என்று கேட்டபோதே இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமான ஆறு வருஷத்தில் தன் பெண்டாட்டியின் விரல்களைப் பற்றி அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி அது. அதுவரை அந்த விரல்களுக்கு மீன் அலசவும் சட்டைக்குப் பொத்தான் தைக்கவும் தெரிந்தால் போதும் என்று இருந்தவன்.

"யாரு கேக்குறா?"

"தொரைதான்."

அகதா மலாக்கா டவுனில் பிறந்தவள். கடலோரத்துக் கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளியில் ஏழு வருஷம் பியானோ படித்தவள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஆர்மோனியம் வாசித்து, பங்குச் சாமியாரிடம் நல்ல பெயர் எடுத்தவள். கிளீட்டஸைக் கட்டிக்கொண்டு சுங்கை ரம்பாய் ரோட்டிலிருக்கும் ஹார்வுட் எஸ்டேட்டுக்கு வந்ததோடு அதெல்லாம் மூட்டை கட்டி வைத்தாயிற்று. தமிழர் வாயில் அது ஆறூட்டுத் தோட்டம். அங்கே ஆறும் கிடையாது, ஊட்டுவாரும் கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1932ஆம் வருஷம். ரப்பர் விலை மண்ணைக் கவ்வியிருந்தது. கூலிகள் குடியிருந்த லயங்களில் பாதியைப் பூட்டி, குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாலு கிராணிகள் இருந்த ஆபீஸில் இப்போது இரண்டு பேர். அப்படிப்பட்ட காலத்தில் துரை "முடியுமா?" என்று கேட்டால், "முடியும்" என்பதைத் தவிர வேறு பதில் எந்தக் கிராணிக்கும் தெரியாது.

துரையின் பெயர் வெர்னன். தோட்டத்தில் ஊமைத்துரை என்பார்கள். பிறவி ஊமை ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் அவர் போடும் சத்தம் அடுத்த தோட்டத்துக் கோழிகளை எழுப்பும். போன வருஷம் அவர் மனைவி எலினர் காய்ச்சலில் பத்தே நாளில் போய்ச் சேர்ந்தாள். அன்றோடு துரை வாயை மூடிவிட்டார். கேட்டதற்குத் தலையசைப்பார், காகிதத்தில் கையெழுத்துப் போடுவார், தவிர்க்க முடியாவிட்டால் ஒரு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான். சாயங்காலமானால் பங்களாவிலிருந்து பிடில் போல ஒரு சத்தம் வரும்.

முதல் நாள் அகதா போனபோது அந்தப் பிடிலைப் பக்கத்தில் பார்த்தாள். பிடிலைவிடச் சற்றுப் பெரியது. அதற்கு வயோலா என்று பெயர் என்றார் துரை. பிடிலுக்குள்ள கீச்சுக் குரல் இதற்கு இல்லை. தொண்டை கட்டிய பெண்பிள்ளை பேசுவது போல இருந்தது அதன் சத்தம். செத்துப்போன துரைசானிக்கும் அப்படித்தான் கம்மிய குரல். தோட்டத்துப் பிள்ளைகள் அவளுக்கு 'தொண்டக்கட்டு அம்மா' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அகதாவுக்கு அது அப்போதே நினைவுக்கு வந்தது. நினைத்ததைச் சொல்லவா முடியும்? 

பியானோவின் அடிப்பலகை திறந்திருந்தது. உள்ளே ஒரு சின்ன மண்ணெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்த ஊர் ஈரத்தில் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்கத் துரைசானி செய்த ஏற்பாடு. அவள் போன பிறகும் யாரும் அதை அணைக்கவில்லை.

"இது அவள் எழுதியது" என்று துரை நாலு காகிதங்களை எடுத்து வைத்தார். இங்கிலீஷில்தான் பேசினார், அதுவும் வாடகைக்கு வாங்கிய வார்த்தைகள் போல எண்ணி எண்ணி. "எங்கள் இரண்டு பேருக்காக எழுதினாள். வயோலா நான், பியானோ அவள். ஏழு நிமிஷம்தான். அவள் இருந்தபோது ஒரு முறைகூட வாசிக்கவில்லை, அதற்குள் படுத்துவிட்டாள். அடுத்த மாதம் பதினாலாம் தேதி ஒரு வருஷம் நிறைகிறது. அன்றைக்கு வாசிக்க வேண்டும். கேட்பதற்கு யாரும் வேண்டாம்."

தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தது. துரை அதன்மேல் விரல் வைத்து, "மூன்... யு" என்று படித்தார். "மூன் என்றால் நிலா. யு என்று நீயைக் குறிக்க ஆரம்பித்திருக்கிறாள். முடிக்கவில்லை. பாருங்கள், கீழே பிறைகூட வரைந்திருக்கிறாள்."

வார்த்தையிலிருந்து கீழே முதல் வரியின் தொடக்கம் வரைக்கும் வளைந்த கோடு ஒன்று இருந்தது. பிறைதான் என்று அகதாவும் நினைத்தாள். வெள்ளைக்காரன் பெண்டாட்டி புருஷனுக்கு நிலாவைப் பற்றி எழுதுகிறாள். நமக்கு வாய்த்தவன் நிலாவைப் பார்த்தால் நாளைக்கு மழை வராது, ரப்பர் பால் வெட்டலாம் என்கிறான். அவளுக்குக் கண் கலங்கியது; யாரை நினைத்து என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசிக்கத் தொடங்கினார்கள். முதலில் வயோலா தனியாக மூன்று சுரம்: தாழ ஒன்று, சட்டென்று உயர ஒன்று, பிறகு நீண்டு இறங்கும் ஒன்று. அது கூப்பிடுவது போல இருந்தது. உடனே பியானோ இரண்டு சுரத்தில் பதில் சொன்னது. அதற்குப் பிறகு இரண்டும் கலந்து எங்கெங்கோ போய், நடுநடுவே அந்த அழைப்பு திரும்பத் திரும்ப வந்தது. ஒரு தரம் பக்கத்து அறையிலிருந்து வருவது போல, ஒரு தரம் தோட்டத்து எல்லையிலிருந்து வருவது போல. ஒவ்வொரு தரமும் அகதாவின் விரல் பதில் சொல்ல வேண்டும். நிலாவை நினைத்துத் துரை மெதுவாக, மெத்தென்று வாசித்தார். எங்கேயோ கேட்ட மெட்டு என்று அகதாவுக்குத் தோன்றியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. பதில் வாசிக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பது போல இருந்தது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். வராந்தாக் கதவு திறந்து கிடந்தது, வேறொன்றும் இல்லை.

வாரத்தில் இரண்டு நாள், நாலரை மணிக்கு என்று ஏற்பாடு. ஐந்து வயது மகள் ரோஸையும் கூட்டிக்கொண்டு போவாள். ரோஸ் பின்பக்கம் சமையல் நடக்கும் குசினிக்கு ஓடிவிடுவாள். அங்கேதான் முனியாயி இருந்தாள்.

துரைசானிக்குப் பிறக்கவிருந்த குழந்தைக்கு ஆயாவாக வந்தவள் முனியாயி. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. ஆயா என்ற பட்டம் மட்டும் மிஞ்சியது. எடுத்து வைத்த பாசத்தை வீணாக்குவானேன் என்று அவள் அதை ரோஸ் தலையில் கொட்டினாள். ரோஸ் நடக்கத் தொடங்கியதிலிருந்து பாதி நாள் பங்களாக் குசினியில்தான். பொழுது சாய்ந்தால் முனியாயி பின்படியில் நின்று, "ரோசம்மாவோய்!" என்று கூப்பிடுவாள். இரண்டாம் முறை கூப்பிடுவாள். மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகுதான் ரோஸ் "என்னா?" என்று பதில் கொடுத்துக்கொண்டு செடிகளுக்குள்ளிருந்து வருவாள். அப்படிப் பழக்கியிருந்தாள்.

"மனுசன்னா மூணு தடவ கூப்புடுவான் கிராணியம்மா. அதுங்க ஒரு தடவதான் கூப்புடும். ரெண்டாவது தடவ கூப்புட அதுங்களுக்கு மூச்சு கெடயாது. மொத கூப்பாட்டுக்கே வாயத் தொறந்தோம், கூடவே போயிட வேண்டியதுதான்."

"ஞானஸ்நானம் வாங்குன பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு ஆயா?" என்று அகதா சிரிப்பாள்.

"கூப்புடுறது, நீ வேதக்காரியா சைவமான்னு கேட்டுட்டா கூப்புடுது?" என்பாள் முனியாயி.

மூன்றாவது வாரம். துரை வில்லை இழுத்தார், வயோலா கூப்பிட்டது. அகதாவின் விரல் கட்டையில் படுவதற்கு முன்னால் குசினிப் பக்கமிருந்து, "என்னா...?" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. பியானோ சொல்ல வேண்டிய அதே இரண்டு சுரத்தில், பிசகாமல்.

துரை சிரித்தார். வருஷம் நிறையப் போகிற நேரத்தில் அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு. அகதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் பிள்ளைக்கு இப்படிச் சுர ஞானமா என்று நெஞ்சு பூரித்துப்போனாள்.

முனியாயிதான் ஈரக்கையோடு ஓடி வந்தாள். ரோஸின் வாயில் ஓர் அடி வைத்து, "ஒரு தடவைக்கே வாயத் தொறக்கலாமாடி?" என்று அலறினாள்.

ரோஸ் அழவில்லை. "அம்மா மட்டும் ஒரு தடவைலயே பதில் சொல்றாங்க. எப்பவும் சொல்றாங்க" என்றாள்.

"பாத்தீங்களா ஆயா, வாயி!" என்று அகதா அதற்கும் சிரித்தாள். பின்னால் இந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அவள் தலையிலடித்துக்கொள்ளப் போகிறாள். அன்றைக்கு அது தெரியுமா?

அடுத்த வாரம் ஒரு நாள், மதியம். துரை மோட்டார் சைக்கிளில் ஜாசினுக்குப் போயிருந்தார். அவர் போனதை அகதா கண்ணால் பார்த்தாள். உம்பாயிலிருந்து சைக்கிளில் வருகிற மீன்காரனிடம் வாங்கிய கெம்போங் மீனைப் பொரித்து, ரோஸுக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயில் சோற்றோடு ரோஸ் சட்டென்று தலையைத் தூக்கினாள். பங்களா இருக்கும் மேட்டைப் பார்த்தாள்.

"என்னா...?"

அதே இரண்டு சுரம். அகதாவின் கை பாதியில் நின்றது.

"யாரு கூப்புட்டா ஒன்ன?"

"தொண்டக்கட்டு அம்மா."

"எத்தன தடவ கூப்புட்டாங்க?" அந்தக் கேள்வி எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று அகதாவுக்கே தெரியாது.

"ஒரு தடவ" என்று சொல்லிவிட்டு ரோஸ் மீனைக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் நாகமுத்து வந்து நாடி பார்த்துக் கொயினாத் தண்ணீர் கொடுத்தார். மலேரியாதான், மூன்று நாளில் இறங்கிவிடும் என்றார். இறங்கவில்லை. காலையில் விட்டது போல இருக்கும். மதியம் திரும்பும் நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்து மேட்டுப் பக்கம் பார்க்கும், "என்னா" என்று கேட்கும்; கேட்ட கால் மணி நேரத்தில் உடம்பு கொதிக்கும். ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் கொஞ்சம் இளைத்துக்கொண்டே வந்தது. அகதா மாதாவுக்கு ஒன்பது நாள் செபம் தொடங்கினாள். ஐந்தாவது நாள், செபமாலையை உருட்டிக்கொண்டே, பிள்ளையின் வாயைத் துணியால் கட்டிவிடலாமா என்று யோசித்தாள். யோசித்ததற்காக அழுதாள்.

ஆறாவது நாள் டாக்டரைக் கூட்டி வர கிளீட்டஸ் ரப்பர் பால் ஏற்றும் லாரியில் டவுனுக்குப் போனான். அவன் போன கையோடு முனியாயி வந்தாள். யாரையும் கேட்காமல் அந்தோணியார் படத்துக்குக் கீழே படுத்திருந்த பிள்ளையின் நெற்றியில் திருநீற்றைப் பூசினாள். அகதா தடுக்கவில்லை. சாணியைப் பூசினால் பிழைக்கும் என்றால் அதற்கும் அவள் தயார்.

"எல்லாம் என் வாயால வந்தது கிராணியம்மா" என்று முனியாயி தரையில் உட்கார்ந்தாள். "அந்தம்மா சன்னல் ஓரமா நின்னு, நான் நம்ம பாப்பாவக் கூப்புடுறதையே கேப்பாங்க. அது போலவே பியானோவுல தட்டிப் பாப்பாங்க. ஒரு நாளு, ஏன் அத்தன தடவ கூப்புடுறேன்னு கேட்டாங்க. இன்னமாதிரின்னு சொன்னேன். சிரிக்கல. எத்தன தடவன்னு திரும்பக் கேட்டாங்க. மூணுன்னு வெரல விட்டுக் காட்டினேன். உடனே காகிதத்துல எழுதிக்கிட்டாங்க."

"என்ன எழுதுனாங்க?"

"எனக்கு எழுத்தா தெரியும்? ஆனா வாயால சொல்லிக்கிட்டே எழுதுனாங்க. மூணு... மூணுன்னு."

அகதா மனதுக்குள் எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். எம், ஓ, ஓ, என், யு. அவள் தமிழைத் தமிழ் எழுத்தில் படித்திருக்கிறாள், இங்கிலீஷை இங்கிலீஷ் எழுத்தில் படித்திருக்கிறாள். ஒன்று மற்றதன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் அடையாளம் தெரியாத படிப்பு அவளுடைய படிப்பு. நிலாவும் இல்லை, நீயும் இல்லை. மூணு! அந்த வளைந்த கோடும் பிறை இல்லை. இந்த முதல் மூன்று சுரத்தை மூன்று தரம் வாசி, அதற்குப் பிறகுதான் பியானோ பதில் சொல்ல வேண்டும் என்று காட்டும் கோடு. எழுத்தே தெரியாத முனியாயியிடம் ஒரு தரம் படித்துக் காட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். எங்கேயோ கேட்ட மெட்டு என்று தோன்றியதும் இதுதான். தன் பிள்ளையைத் தினமும் கூப்பிடுகிற மெட்டையே நிலா வெளிச்சத்தில் போட்டு அடையாளம் தெரியாமல் ஆக்கிவைத்திருந்தார்கள். நாலு வாரமாக வயோலாவை ஒரு தரம் கூப்பிடவிட்டு, உடனே உடனே பதில் சொல்லி, பெற்ற தாயே பிள்ளைக்குக் கெட்ட பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"இப்ப என்ன ஆயா செய்யுறது?"

"கூப்புட்ட எடத்துக்கே தூக்கிட்டுப் போவோம். பாக்கி ரெண்டையும் கூப்புடச் சொல்வோம். மூணு கூப்புட்டா அது மனுசன் கூப்புட்டதா ஆயிரும்லா."

அன்றைக்குத் தேதி பதினாலு.

பங்களாவில் துரை கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்பது தெரியும். அகதா வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கோட்டுப் போட்டிருந்தார். பியானோவுக்குள் விளக்கு எரிந்தது. அகதா மூச்சு வாங்கிக்கொண்டே அந்த வார்த்தையைக் காட்டி, அது என்ன பாஷை, என்ன அர்த்தம் என்று சொன்னாள். துரை அந்த வார்த்தையின்மேல் மறுபடி விரல் வைத்தார்.

"மூணு" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "நான் ஒரு முறைதான் வாசித்தேன்."

முனியாயி நாற்காலியில் உட்கார்ந்து ரோஸை மடியில் போட்டு, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். துரை வில்லை வைத்தார்.

முதல் அழைப்பு. பிள்ளையின் உடம்பு விறைத்து நிமிர்ந்தது. கண் திறந்தது, அது துரையையும் பார்க்கவில்லை, வயோலாவையும் பார்க்கவில்லை, திறந்திருந்த வராந்தாக் கதவைப் பார்த்தது. பொத்திய கைக்குள் உதடு அசைவது அகதாவுக்குத் தெரிந்தது. முனியாயி கையை எடுக்கவில்லை.

இரண்டாவது அழைப்பு. பியானோவுக்குள் இருந்த விளக்கு, காற்றே இல்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. யாரோ அதன் பக்கமாக நடந்து போனால் அப்படித்தான் சாயும். அகதா திரும்பிப் பார்க்கவில்லை. விரலைக் கட்டைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். இதுவரை பூசையில்கூட அவள் அத்தனை பயத்தோடு காத்திருந்ததில்லை.

மூன்றாவது அழைப்பு. முனியாயி கையை எடுத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிள்ளை வராந்தாவிலிருந்து கண்ணைத் திருப்பி, யார் மடியில் இருக்கிறோம் என்று பார்ப்பது போல முனியாயியின் முகத்தைப் பார்த்தது.

"என்னா ஆயா?"

அகதாவின் விரல்கள் தானாகக் கட்டையில் விழுந்தன. கண்ணீரில் காகிதம் தெரியவில்லை. ஆனாலும் வாசித்தாள். அழைப்பு வந்த இடத்திலெல்லாம் துரை மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவதற்குப் பிறகே அவள் பதில் சொன்னாள். ஏழு நிமிஷ உருப்படி ஒன்பது நிமிஷம் ஆனது. இப்போது அதில் நிலா இல்லை. ஒருத்தி பின்படியில் நின்று பிள்ளையைக் கூப்பிடுகிறாள், பிள்ளை வந்து சேருகிறது. துரைசானி எழுதியது இதைத்தான். பிறக்காமல் போன பிள்ளையை நினைத்துக்கொண்டு எழுதியிருப்பாள். முடியும்போது ரோஸுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்து, சட்டை நனைந்திருந்தது. பிஸ்கட் வேண்டும் என்றாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் அகதாவுக்கு வாய் கட்டுக்குள் நிற்கவில்லை. துரை, "ஒரு முறை மட்டும் கூப்பிட்டால் அது யார்?" என்று கேட்டபோது, மடத்துப் பள்ளி இங்கிலீஷில் ஒன்றுவிடாமல் விளக்கினாள். இறந்தவர்கள் ஒரு முறைதான் கூப்பிடுவார்கள், அவர்களுக்கு இரண்டாவது மூச்சு கிடையாது என்றாள்.

"அதற்குப் பதில் சொன்னால்?"

"போய்விடுவார்கள்."

"எங்கே?"

"கூப்பிட்டவரிடம்."

துரை தலையசைத்தார். வயோலாவைப் பட்டுத்துணியால் துடைத்தார், வில்லின் இழையைத் தளர்த்தினார், இரண்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியை அகதாவின் கையில் கொடுத்தார்.

"உங்களிடமே இருக்கட்டும், மிசஸ் கிளீட்டஸ். இந்த வீட்டில் இது இனிமேல் சத்தம் போட வேண்டாம். குழந்தைக்கு நல்லதல்ல."

"நீங்க என்ன வாசிப்பீங்க, சார்?"

"கூப்பிட்டது போதும்" என்றார் துரை.

என்ன நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அகதா படியிறங்கினாள். முனியாயி ரோஸைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். மேட்டிலிருந்து கிராணி வீட்டுக்கு மண்ணில் வெட்டிய நாற்பது படிகள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லயத்துப் பக்கம் யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். பாதிப் படி இறங்கியிருப்பார்கள்.

மேலே பங்களாவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. தாழ ஒன்று, உயர ஒன்று, நீண்டு இறங்கும் ஒன்று.

அகதா பாய்ந்து ரோஸின் வாயைப் பொத்தினாள். அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். இப்போதுதானே சத்தியம் செய்தது போலச் சொன்னான், பாவி, அதற்குள் எடுத்து இழுக்கிறானே, வெள்ளைக்காரன் வார்த்தைக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று பல்லைக் கடித்தாள். அப்புறம்தான் இன்னொரு கை கனத்தது. குனிந்து பார்த்தாள். பூட்டிய பெட்டி அவள் கையில் இருந்தது.

முனியாயி ஒரு விரலை மடக்கிக் காட்டினாள். இரண்டு பேரும் இரண்டாவதற்காக நின்றார்கள். விறகு பிளக்கும் சத்தமும் நின்றுபோயிருந்தது. இரண்டாவது வரவில்லை.

அகதாவுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மனுஷன் ஏன் அவ்வளவு கவனமாகக் கேட்டார், ஏன் பெட்டியைக் கொடுத்தார், எதற்குக் கூப்பிட்டது போதும் என்றார், எல்லாம். "சார், பதில் சொல்லாதீங்க!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், இங்கிருந்து மேலே கேட்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இப்போது வாயைத் திறந்தால் அது யாருக்குச் சொன்ன பதிலாக ஆகும்? கூப்பிட்ட குரல் இன்னும் காற்றில் இறங்கிக்கொண்டே இருப்பது போல இருந்தது. கைக்குள் பிள்ளையின் உதடு வெதுவெதுப்பாக இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

மேலே துரையின் குரல் கேட்டது. பிரட்டில் போடுவாரே, அந்தப் பழைய குரல். தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"இதோ வருகிறேன், எலினர்!"

பிறகு பங்களாவில் சத்தமே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை மூடிக்கொண்டும் ஒருவரைக் கெடுக்கலாம் என்பது அகதாவுக்கு அந்தப் படியில் நின்றபோது தெரிந்தது.

ரோஸ் தலையை உதறி அம்மாவின் கையை விலக்கினாள். மேட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏம்மா, மூணுன்னு தொரைக்கு யாருமே சொல்லித் தரலியா?"